பெக்கோக்கில் வீட்டுத் தச்சுப் பட்டறை

வீட்டோடு சேர்ந்த தச்சுப் பட்டறைக்குக் கருவிகளுக்கும் முன்னால் வேண்டியவை மூன்று: அறுக்க மரம், அதை மழை படாமல் அடுக்கிவைக்கச் சொந்தக் கூரை, இயந்திரம் ஓட மின்சாரம். ஜொகூர் மாநிலம் சிகாமட் மாவட்டத்துச் சிற்றூரான பெக்கோக்கிலும் அதைச் சுற்றிய தோட்டங்களிலும் இவை மூன்றும் வெவ்வேறு காலத்தில் வந்து சேர்ந்தன. மரம் மலிந்து கிடந்த நாளில் கூரை தோட்ட நிர்வாகத்தின் சொத்து. விளக்கும் இரவில் சில மணி நேரந்தான். சொந்த வீடும் நாள் முழுக்க மின்சாரமும் கிடைத்தபோது பால்மரக் காடுகளில், அதாவது ரப்பர்த் தோட்டங்களில், பெரும்பகுதி செம்பனையாகிவிட்டது. இந்தப் பகுதித் தமிழர் கையில் தச்சு வேலை என்னவாக வளர்ந்தது, எங்கே நின்றது என்பதற்கு இந்த முன்பின் முறையே பெரிய காரணம்.

பெக்கோக் ரயில் பாதையால் அறியப்பட்ட ஊர். கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான பாதை 1909இல் திறக்கப்பட்டது. சிகாமட், லாபிஸ், பெக்கோக், பாலோ, குளுவாங் என்று நிலையங்கள் தெற்கு நோக்கி இறங்கும். பாதையை ஒட்டி ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. கிழக்கே லாபிஸ் வனக் காப்பகமும் அதற்கு அப்பால் எண்டாவ்-ரொம்பின் காடும் கிடக்கின்றன. சுங்கை பந்தாங் அருவிக்கும் எண்டாவ்-ரொம்பின் பூங்காவின் செலாய் நுழைவாயிலுக்கும் போகிறவர்கள் இன்றும் பெக்கோக் வழியாகத்தான் போகிறார்கள். கடைத்தெருவில் சீனர், தோட்டங்களில் தமிழர், காட்டோரத்தில் ஜக்குன் பழங்குடியினர், கம்பங்கள் என்ற கிராமங்களில் மலாய்க்காரர் என்று அமைந்த ஊர் இது. மரத்தைப் பற்றிய அறிவும் இதே போலப் பிரிந்து கிடந்தது. காட்டில் எந்த மரம் எங்கே நிற்கிறது என்பது ஜக்குன் மக்களுக்குத் தெரியும். வெட்டி இறக்கி அறுப்பது சீன முதலாளிகளின் தொழில். தோட்டத்துக்குள் பழுது பார்ப்பது தமிழ் ஆசாரியின் பொறுப்பு.

ஜொகூரின் மரத் தொழில் ரப்பரைவிடப் பழையது. 1860களில் ஜேம்ஸ் மெல்ட்ரம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஜொகூர் பாருவில் நீராவி மர ஆலை ஒன்றை நடத்தினார். கடின மரங்கள் அங்கே அறுபட்டுக் கப்பலேறின. அதே காலத்தில், 1869இல், பின்னாளில் சுல்தானான அபு பாக்கார் ஜொகூர் பாருவிலிருந்து குனுங் பூலாய் மலைக்கு ஒரு ரயில் பாதை போடத் தொடங்கினார். தண்டவாளமே மரம். காடு நிறைய மரம் இருக்க இரும்புக்கு ஏன் செலவு என்ற கணக்கு அது. அந்தத் தண்டவாளத்தைக் கறையான் தின்றது, திட்டம் கைவிடப்பட்டது. ஜொகூரில் எந்த மரம் எங்கே நிற்கும் என்பதைக் கடைசியில் கறையான்தான் முடிவு செய்கிறது. இந்த மண்ணில் தச்சு வேலை பழகுகிறவர்கள் மர வகைகளின் பெயருக்கு முன்னால் கற்க வேண்டிய பாடம் இது. செங்கால் மரத்துக்குக் கிடைத்த மதிப்பும் இதனால்தான். காய்ந்த செங்காலின் அடர்த்தி கன மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல். தண்ணீரில் போட்டால் கிட்டத்தட்ட மூழ்கும் கனம். மருந்து எதுவும் அடிக்காமலே மண்ணோடு ஒட்டி ஆண்டுக்கணக்கில் நிற்கும். பாலாவும் மெர்பாவும் அதற்கு அடுத்த வரிசை. மெராந்தி எளிதாக இழையும், கதவு நிலைக்கும் அலமாரிக்கும் ஏற்றது. ஆனால் ஈரத்தில் வைத்தால் நிலைக்காது.

1910ஐ ஒட்டி ரப்பர் விலை உச்சத்துக்குப் போனபோது ரயில் பாதையின் இருபுறமும் காடு அழிந்து தோட்டமாயிற்று. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் கூட்டி வந்தார்கள். 1938இல் இந்திய அரசு தடுக்கும் வரை இந்த ஆள்சேர்ப்பு நடந்தது. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பால் வெட்டவும் களை எடுக்கவும் வந்தவர்கள்; உளி பிடித்த கைகள் கொஞ்சம். ஆனால் ஓரளவு பெரிய தோட்டம் எதுவும் தச்சர் இல்லாமல் நடக்காது. தொழிலாளர் தங்கிய லயத்து வீடுகள் பலகையால் ஆனவை; தரைப்பலகை உளுக்கும், கூரைச் சட்டம் சாயும். ஆலையில் பால் உறையும் தொட்டிகளுக்குத் தடுப்புப் பலகை வேண்டும். ரப்பர் சீட்டுகளைத் தொங்கவிடும் புகைக்கூடத்தில் கம்புத் தட்டுகளை ஆண்டுதோறும் மாற்ற வேண்டும். பால் வாளிகளைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பு, மாட்டு வண்டிச் சக்கரம், எழுத்தர் கிராணியின் மேசை, மாரியம்மன் கோயில் கதவு, திருவிழாவுக்கு வாகனம், சில வேளைகளில் சவப்பெட்டி எல்லாம் ஆசாரியிடம்தான் போகும். ஆலைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. கொல்லருக்கும் தச்சருக்கும் அது பொது. பலருக்கு மலாயாவில் அறிமுகமான முதல் பட்டறை அந்தத் தகரக் கொட்டகைதான்.

அந்தக் கொட்டகைக்குள் மூன்று மரபுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. தமிழ்நாட்டு ஆசாரி தரையில் உட்கார்ந்து வேலை செய்து பழகியவர். கட்டையைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாய்ச்சியால் செதுக்குவார். உளியைக் கொட்டாப்புளியால் தட்டுவார். இரண்டு காலும் இரண்டு கையும் சேர்ந்து வேலை செய்யும் அந்த முறைக்கு மேசையும் வேண்டாம், இறுக்கிப் பிடிக்கும் வைஸும் வேண்டாம். வாய்ச்சி, இரண்டு மூன்று உளி, ரம்பம், இழைப்புளி, மூலைமட்டம், துரப்பணம், நூல்: இவ்வளவையும் ஒரு சாக்குப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்விடலாம். சீனத் தச்சர் நின்று வேலை செய்பவர். நீண்ட பலகை ஒன்றுதான் அவருடைய மேசை. குறுக்கே கைப்பிடி செருகிய மர இழைப்புளியை இரண்டு கையாலும் முன்னோக்கித் தள்ளுவார். மரச் சட்டத்தில் இறுக்கிக் கட்டிய மெல்லிய ரம்பத்தால் அறுப்பார். ஆங்கிலேய நிர்வாகம் கொண்டுவந்தது மூன்றாவது முறை: இரும்பு இழைப்புளி, அகன்ற கைரம்பம், வைஸ் பொருத்திய கனமான மேசை. கோலாலம்பூர் செந்தூலில் இருந்த ரயில்வே பட்டறைகளில் ஏராளமான தமிழர்கள் வேலை பார்த்தார்கள். ரயில் பெட்டிகள் மரத்தால் ஆன அந்தக் காலத்தில் அந்த இரும்புக் கருவிகளும் அங்குலக் கணக்கும் அவர்களுக்குப் பழகிப்போயின.

பின்னாளில் ஏற்பட்ட வீட்டுப் பட்டறைகளில் இந்த மூன்றும் கலந்தே கிடந்தன. மேசை ஆங்கிலேய வழி, இழைக்கும் முறை சீன வழி, உளியும் கொட்டாப்புளியும் தமிழ் வழி. எது சிறந்தது என்று வாதம் பண்ணுவதில் பயனில்லை. ஆனால் இடம் குறைந்த வீட்டுக்குத் தரையில் உட்கார்ந்து செய்யும் தமிழ் முறையே மிகச் சிக்கனமானது. முதலில் கைவிடப்பட்டதும் அதுவே. நின்று வேலை செய்வது நாகரிகம் என்ற எண்ணம் அதற்கு ஒரு காரணம். கடின மரம் இன்னொரு காரணம்: தேக்கையும் வேம்பையும் செதுக்கிப் பழகிய வாய்ச்சி செங்காலின் மேல் பட்டால் துள்ளும்.

தெய்வமும் இரண்டு. தமிழ் ஆசாரிக்கு விஸ்வகர்மா, சீனத் தச்சருக்கு லூ பான். பினாங்கு லவ் லேனில் லூ பானுக்குத் தச்சர் சங்கம் கட்டிய கோயில் இன்றும் இருக்கிறது. தமிழர் பக்கம் தச்சருக்கென்று தனிக் கோயில் எழுப்பும் அளவுக்குத் தோட்டங்களில் ஆள் சேரவில்லை. ஆயுத பூசைதான் அவர்களுடைய திருநாள். நவராத்திரியின் ஒன்பதாம் நாள் கருவிகளைக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்குவார்கள். அன்று ரம்பம் மரத்தைத் தொடாது. மறுநாள் விஜயதசமியன்று சிறு கட்டை ஒன்றில் ஒரு தள்ளு இழைத்துவிட்டு எடுத்து வைப்பது வழக்கம். சடங்கு ஒருபுறம் இருக்க, இதற்குக் கையில் தெரியும் பலனும் உண்டு. ஈரக்காற்று ஊரில் ஆண்டுக்கு ஒரு தடவையாவது ஒவ்வொரு கருவியும் துருப்பிடிக்காமல் துடைக்கப்படுகிறது.

இத்தனை இருந்தும் வீட்டில் பட்டறை என்பது தோட்டத்தில் அரிதாகவே இருந்தது. காரணம் கூரை. லயத்து வீடு தொழிலாளியின் வீடு அல்ல. வேலை இருக்கும்வரை தங்கும் இடம். வேலை போனால் வீடும் போகும். சுவரில் ஆணி அடிக்கக்கூட யோசிக்கும் நிலையில் நாலு பேர் தூக்க வேண்டிய வேலை மேசையை யார் செய்து வைப்பார்கள்? அறையும் சிறியது, பிள்ளைகள் படுத்தது போக மிஞ்சும் இடம் சமையலுக்கே பற்றாது. அதனால் வீட்டுத் தச்சு வேலை வீட்டின் பின்புறத்துக் கோழிக் கூண்டு, முன்புறத்துப் பெஞ்சு, சாமி மாடம் என்ற அளவில் நின்றது. அதற்கான பலகையும் பெரும்பாலும் பெட்டிப் பலகை. ரப்பர் சீட்டு ஏற்றுமதிக்குப் பயன்பட்ட ஒட்டுப்பலகைப் பெட்டிகள் உடைந்தால் அலமாரியாகவும் அரிசிப் பெட்டியாகவும் மறுபிறவி எடுத்தன. 1965இல் மலேசியத் தர ரப்பர் திட்டம் வந்த பிறகு ரப்பர் 33 கிலோ சொச்சம் எடையுள்ள கட்டிகளாக, நெகிழித்தாள் சுற்றி, மரக் கூடுகளில் அடுக்கப்பட்டுப் போயிற்று. அந்தக் கூடுகளின் சட்டங்களும் இதே வழியில் வீடு வந்து சேர்ந்தன. பெட்டியைப் பிரிக்கும்போது ஆணியை வளையாமல் பிடுங்குவதும், பிடுங்கிய ஆணியைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்துவதும் அப்போது தனிக் கலை.

போர் இதையும் கலைத்தது. 1942 ஜனவரியில் ஜப்பானியப் படை கிம்மாஸ் தாண்டி இந்தப் பாதை வழியே தெற்கே இறங்கியது. அடுத்த ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1948இல் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் தொடங்க, வட ஜொகூரின் காட்டோரத் தோட்டங்களில் லயங்கள் முள்வேலிக்குள் ஒன்றுகூட்டப்பட்டன.

போர் விட்டுச்சென்ற ஒரு பொருள் மட்டும் மரத் தொழிலுக்கு உதவியது. இராணுவம் கழித்துப்போட்ட லாரிகளை வாங்கி, கூரையைக் கழற்றி, முன்னால் வின்ச்சு பொருத்திக் காட்டில் இறக்கினார்கள். 'சன் தாய் வோங்', மலை ராஜா, என்பது சீனர் வைத்த பெயர். மலாய்க்காரர்களுக்கு அது பேய் லாரி. மனிதனும் எருமையும் இழுக்க முடியாத கட்டைகளை அந்த லாரிகள் சேற்றுப் பாதையில் இழுத்து வந்தன. இரண்டு ஆள் பிடிக்கும் ரம்பத்தின் இடத்துக்குச் சங்கிலி ரம்பம் வந்தது. மர ஆலைகள் பெருகின. ஆலையில் கட்டையைச் சதுரமாக்கும்போது கழியும் ஓரப்பலகை மலிவாகக் கிடைத்தது. பெக்கோக் போன்ற ஊர்களில் வேலியும் மாட்டுக் கொட்டகையும் அதில்தான் நின்றன.

மரம் வாங்குவதில் ஒரு விந்தையான கணக்கு இன்றும் தொடர்கிறது. மலாயாவில் அறுத்த மரத்துக்கு ஒரு டன் என்றால் எடை அல்ல, கொள்ளளவு: 50 கன அடி. இலேசான ஜெலுத்தோங்கும் கனத்த செங்காலும் ஒரே 'டன்'. 1972ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டத்துக்குப் பிறகு நாடு மெட்ரிக் முறைக்கு மாறியது. பள்ளிக்கூடம் மாறியது, துணிக்கடை மாறியது. மரக்கடையில் மட்டும் இரண்டுக்கு நாலு, ஒன்றுக்கு இரண்டு என்று அங்குலமே ஆள்கிறது. ஒட்டுப்பலகையும் 8 அடிக்கு 4 அடித் தாளாகவே கிடைக்கிறது, தடிப்பு மட்டும் மில்லிமீட்டரில். புதிதாகப் பட்டறை வைப்பவர்கள் இரண்டு அளவும் பொறித்த நாடாவைத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: இரண்டுக்கு நாலு என்பது அறுத்தபோது உள்ள அளவு. இழைத்த பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் கொஞ்சம் கரைந்திருக்கும்.

இத்தனை காலமும் கண்ணெதிரே வரிசையாக நின்ற மரத்தை யாரும் தச்சு மரமாகக் கருதவில்லை. பால்மரம் பால் வற்றினால் விறகு. சுமார் 25 முதல் 30 ஆண்டுகளில் அதன் பலன் தேயும். பிறகு அதை வெட்டி எரிப்பார்கள், அல்லது நிற்கும்போதே அடிமரத்தில் சோடியம் ஆர்சனைட் பூசி நஞ்சூட்டி மக்க விடுவார்கள். புகைக்கூடத்திலும் செங்கல் சூளையிலும் எரிந்தது பால்மரந்தான். 1967இல் பிறையில் உற்பத்தியைத் தொடங்கிய மலாயாவாத்தா உருக்காலை தன் உலைக்குப் பால்மரக் கரியையே பயன்படுத்தியது. உருக்குக்கு உதவிய மரம் ஒரு நாற்காலிக்கு உதவவில்லை.

அதற்குக் காரணம் மரத்தின் உடம்பிலேயே இருக்கிறது. தேக்கையோ செங்காலையோ குறுக்கே அறுத்தால் நடுவில் வைரம் பாய்ந்த நிறம் தனியே தெரியும். பூச்சிக்குப் பிடிக்காத பகுதி அது. பால்மரத்தில் அப்படி வைரம் பிரிந்து தெரிவதில்லை. கட்டை முழுக்க வெளிமரம் போலவே இருக்கும், மாவுச்சத்தும் நிறைந்திருக்கும். வெட்டிப் போட்ட ஓரிரு நாளில் நீலப் பூஞ்சணம் உள்ளே இறங்கும். காய்ந்த பிறகு உளுப்பு வண்டு முட்டையிடும். வண்டு வெளியேறும் துளை குண்டூசித் தலை அளவுதான். ஆனால் துளைக்குக் கீழே தரையில் நைசான மாவு கூம்பாகக் கொட்டிக் கிடக்கும். மேலே பளபளப்பாக இருக்கும் பலகையை விரலால் அழுத்தினால் உள்ளே நொறுங்கும். தோட்டத்தில் ஒரு தடவை பால்மரத்தில் ஸ்டூல் செய்து பார்த்தவர்கள் மறுபடி அதைத் தொடாததற்கு இதுவே காரணம்.

இதற்கு விடை ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. கெப்போங்கில் 1929இல் ஏற்பட்ட வன ஆராய்ச்சிக் கழகம் பால்மரத்தைத் தச்சு மரமாக்கும் வழிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. முறை கேட்க எளிது. வெட்டிய கட்டையைத் தாமதிக்காமல் பலகையாக அறுக்க வேண்டும். பலகைகளை இரும்பு உருளைக்குள் வைத்து முதலில் காற்றை உறிஞ்சி, பிறகு போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரை அழுத்தத்தில் ஏற்ற வேண்டும். அதன்பின் சூடான காற்று ஓடும் உலர்த்தும் அறையில் ஈரம் 8 முதல் 12 விழுக்காடு ஆகும்வரை காய வைக்க வேண்டும். போரான் ஏறிய மரத்தை வண்டு தின்னாது. கன மீட்டருக்கு 560 முதல் 640 கிலோ என்ற நடுத்தரக் கனம், வெளிர் மஞ்சள் நிறம், சாயம் பூசினால் எந்த மரத்தின் வேடமும் ஏற்கும் குணம்: மற்றவை எல்லாம் ஏற்கெனவே மரத்தில் இருந்தவை.

காலமும் கூடி வந்தது. 1952இல் மறுநடவு நிதி ஏற்பட்டதும் பழைய மரங்களை எடுத்துவிட்டுப் புது மரங்கள் நட்டார்கள். அந்த மரங்களுக்கு 25, 30 வயது நிறைந்தது 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில். மருந்தும் உலர்த்தும் அறையும் பழக்கத்துக்கு வந்த அதே நேரத்தில் ஏராளமான மரம் வெட்டுக்கு வந்தது. இயற்கைக் காட்டு மரம் சுருங்கிக்கொண்டிருந்தது. ஜொகூரின் மேற்குக் கரையில் மூவார் நகரம் தளவாட நகரமாக எழுந்ததற்கு இந்த மூன்றும் சேர்ந்ததே அடிப்படை. பின்னாளில் மலேசியா ஏற்றுமதி செய்த மரத் தளவாடங்களில் ஐந்தில் நான்கு பங்கு பால்மரத்தால் ஆனவை என்று சொல்லும் அளவுக்கு நிலை மாறியது.

இந்த வெற்றி தோட்டத்துத் தச்சனுக்கு நேராகப் போய்ச் சேரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அழுத்த உருளையும் உலர்த்தும் அறையும் வீட்டுக் கொட்டகையில் வைக்கும் பொருள்கள் அல்ல. தன் கையால் பால் வெட்டிய மரத்தைத் தன் கையால் மேசையாக்கத் தொழிலாளியால் முடியாது. அந்த மரம் ஆலைக்குப் போய், பலகையாகித் திரும்பி வந்த பிறகுதான் கடையில் வாங்கலாம்.

கூரை விஷயத்துக்கு வருவோம். 1950களிலும் 60களிலும் ஆங்கிலேய நிறுவனங்கள் விற்ற தோட்டங்கள் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டன. தொழிலாளர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தார்கள். அதைத் தடுக்கும் முயற்சியாக 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தொழிலாளர் பங்குப் பணத்தில் தோட்டங்களை வாங்கியது. 1966ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர் வீட்டுக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுத்தது. எதுவும் வீட்டை அவர்களுக்குச் சொந்தமாக்கவில்லை. ரப்பர் செம்பனையாக மாறி, பழைய லயங்கள் காலியாகி, பிள்ளைகள் தொழிற்சாலை வேலைக்குப் போய், கடன் எடுத்து 'தாமான்' எனப்படும் குடியிருப்பில் வீடு வாங்கியபோதுதான் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு முதன்முதலாகச் சொந்தக் கூரை கிடைத்தது. வீட்டுப் பட்டறையின் வரலாறு உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

தாமானின் வரிசை வீடு 20 அடி அகலம் சொச்சம். பட்டறைக்கு அங்கே இரண்டே இடம்: முன்னால் கார் நிறுத்தும் முகப்பு, பின்னால் சமையலறையை அடுத்த தரை. பெரும்பாலோர் தேர்ந்தது முகப்பை. காற்று வரும், 8 அடிப் பலகையைத் திருப்பலாம், தூள் வீட்டுக்குள் போகாது. கார் வெளியே நிற்கும். குறைகளும் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் சாரல் மேசைவரை அடிக்கும். மேலும் ஈரம்: உலர்த்தும் அறையிலிருந்து 10 விழுக்காடு ஈரத்தோடு வரும் பலகை இந்த முகப்பில் கிடந்தால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி 15 விழுக்காட்டை நெருங்கும், உப்பும். வாங்கிய அன்றே அறுத்து இணைத்த இழுப்பறை மழைக்காலத்தில் சிக்கிக்கொள்வது இதனால்தான். பலகையை முகப்பிலேயே சில வாரம், இடையிடையே குச்சி வைத்து அடுக்கிப் பழக விட்டு, பிறகு அறுப்பது பழைய ஆசாரிகள் எந்த மரத்துக்கும் செய்த வேலை.

மின்சாரம் வந்த கதை நீண்டது. மத்திய மின்சார வாரியம் 1949இல் பிறந்து, 1965இல் தேசிய மின்சார வாரியமாகி, 1990இல் தெனாகா நேஷனல் ஆயிற்று. நகரங்களுக்கு முதலில் கம்பி போயிற்று. தோட்டங்கள் வெகுகாலம் சொந்த ஜெனரேட்டரில் மாலை தொடங்கி இரவு முதல் பாதிவரை விளக்கெரித்தன. பகலில் வேலைக்குப் போய், இரவில் விளக்கு அணையும் வீட்டில் மோட்டார் வைத்த கருவிக்கு வேலை இல்லை. கருவிகள் என்னவோ முன்பே தயார். கைத்துப்பாக்கி வடிவில் விசையோடு கூடிய மின் துரப்பணத்தை அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1910களிலேயே செய்துவிட்டது. ஜப்பானின் மக்கிட்டா 1958இல் கையில் பிடிக்கும் மின் இழைப்புளியை விற்கத் தொடங்கியது. தென்கிழக்கு ஆசியத் தச்சர்களின் தோளையும் முதுகையும் காப்பாற்றிய கருவி அது. கடின மரத்தைக் கையால் இழைப்பவர் அரை நாளில் செய்வதை அது சில நிமிடங்களில் செய்யும்.

வீட்டு மின்சாரத்துக்கு ஒரு வரம்பும் உண்டு. மலேசியாவில் 13 ஆம்பியர் மூன்று கால் பிளக். 230 வோல்ட்டில் அதன் எல்லை 3,000 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு இழுக்கும். 2 குதிரைத் திறன் மேசை ரம்பத்தையும் தூள் உறிஞ்சியையும் ஒரே பிளக்கில் நீட்டுக் கம்பி போட்டு ஓட்டினால் சுவிட்ச் விழும், அல்லது கம்பி சூடாகும். இரண்டுக்கும் தனித் தனி இணைப்பு போடுவதே முறை.

பட்டறையை நிரப்பும் வரிசையில் கடைக்காரர் சொல்வதும் அனுபவம் சொல்வதும் வேறுபடும். கடையில் முதலில் காட்டுவது இயந்திரம். தோட்டத்துக் கொட்டகை கற்பித்த வரிசை வேறு: முதலில் தீட்டும் கல், பிறகு நல்ல மூலைமட்டம், பிறகு அசையாத மேசை, பிறகே மற்றவை. மேசையின் உயரம், நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் அளவு. இழைக்க வேண்டுமென்றால் இன்னும் சற்றுத் தாழ. மேசைக்குப் பழைய கெம்பாஸ், கெருயிங் உத்தரம் கிடைத்தால் மேல். கனம்தான் மேசையின் முதல் தகுதி. அதன்பின் கிளாம்ப்புகள், எத்தனை இருந்தாலும் ஒன்று குறையும். பால்மரத்தை இணைக்கப் பசையும் கிளாம்ப்பும் போதும். செங்காலுக்குக் கழுந்தும் துளையுமே பொருந்தும், எண்ணெய்ப்பசை உள்ள மரத்தில் பசை நம்பத் தக்கதல்ல.

பால்மரம் கருவியிடம் சில சேட்டைகள் செய்யும். எஞ்சிய பால் ரம்பப் பல்லில் பிசினாக ஒட்டும், மண்ணெண்ணெய் துணியால் துடைத்தால் போகும். சாய்ந்து வளர்ந்த மரத்தின் இழுவிசைப் பகுதி அறுத்ததும் வளையும். அதன் முகத்தில் இழைத்த பிறகும் பஞ்சு போல நார் எழும். மழுங்கிய உளியில் இது இன்னும் மோசம். பால் வெட்டிய காயம் ஆறிய இடத்தில் நார் திருகிக் கிடக்கும். பலகையின் ஓரத்தில் சுழல் போன்ற கறை தெரிந்தால் பெரும்பாலும் அங்கே ஒரு காலத்தில் கத்தி விளையாடியிருக்கிறது. குறை உள்ள துண்டுகளை ஆலைகள் வெட்டிக் கழித்து, மிஞ்சிய குட்டைத் துண்டுகளை விரல் கோத்தது போலப் பல் வெட்டி ஒட்டிப் பெரிய பலகையாக்குகின்றன. கடையில் 'பால்மரப் பலகை' என்று கிடைப்பது இதுதான்.

தூளைப் பற்றிப் பழைய பட்டறைகள் கவலைப்படவில்லை. கைரம்பத்தின் தூள் கரடானது, காலடியில் விழும். மின் கருவியின், அதிலும் தேய்க்கும் கருவியின் தூள் மிக நுண்ணியது. காற்றில் நின்று நுரையீரல்வரை போகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. தூள் உறிஞ்சி வாங்க இயலாதவர்கள் மூக்கோடு ஒட்டும் முகக்கவசமாவது வாங்க வேண்டும். தோளில் கிடக்கும் துண்டு போதாது.

மரம் கிடைப்பதும் முன்போல் இல்லை. 1977இல் எண்டாவ்-ரொம்பின் காட்டின் நடுப்பகுதியில் மரம் வெட்டப் பகாங் மாநிலம் உரிமம் கொடுத்தபோது எழுந்த எதிர்ப்பு, நாட்டின் முதல் பெரிய காடு காக்கும் போராட்டங்களுள் ஒன்று. 1993இல் ஜொகூர் தன் பகுதியில் ஏறத்தாழ 49,000 ஹெக்டேரைப் பூங்காவாக்கியது. வெட்டு அனுமதி உள்ள காப்பகங்களிலும் வனத்துறையின் முத்திரைச் சுத்தியல் பதியாத கட்டை வெளியே வரக் கூடாது. பால்மரத்திலும் தட்டுப்பாடு: தோட்டம் செம்பனையானதால் வெட்டுக்கு வரும் மரம் குறைந்து, தளவாட ஆலைகளின் கோரிக்கைக்கு இணங்க 2017இல் அறுத்த பால்மர ஏற்றுமதிக்கு அரசு தடை விதித்தது. போரான் நீரில் கரைந்து வெளியேறும். ஆகவே மருந்தேறிய பால்மரமும் வீட்டுக்குள் மட்டுமே உதவும். வெளிக்கதவுக்கும் தோட்டத்துப் பெஞ்சுக்கும் செங்கால்தான், அதன் விலை சிறு பட்டறைக்கு எட்டாது. அதனால் இடித்த பழைய வீடுகளின் செங்கால் சட்டங்களுக்கு ஒரு தனிச் சந்தை உருவாகியிருக்கிறது. வாங்குகிறவர்கள் ஆணி ஒன்றுகூட மிஞ்சாமல் காந்தம் ஓட்டிப் பார்த்த பிறகே இயந்திரத்தில் கொடுக்க வேண்டும்.

பெக்கோக் வழி ரயில் பாதை இரட்டைத் தடமாகி மின்மயமானதில் பழைய மரத் தண்டவாளக் கட்டைகளும் விற்பனைக்கு வந்தன. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அவை இரண்டு வகை. செங்கால், பாலாவ் கட்டைகள் மருந்தில்லாமல் போட்டவை. வெயிலில் வெளுத்திருக்கும், துணிந்து பயன்படுத்தலாம். கெம்பாஸ், கெருயிங் கட்டைகளில் கிரியோசோட் தார் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். ஓரத்தைச் சீவிப் பார்த்துக் கரிய எண்ணெய் வாடை வந்தால் அந்தக் கட்டையை வீட்டுக்குள் தளவாடமாக்கக் கூடாது, அடுப்பில் எரிக்கவும் கூடாது. வேலிக்காலாக மண்ணில் நடலாம்.